சந்திரகிரி: கோட்டையும் பூர்வீகமும்

சந்திரகிரிக் கோட்டை திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், ஸ்வர்ணமுகி ஆற்றுக்கு அருகே, வெறும் பாறையாக எழுந்து நிற்கும் குன்றையும் அதன் அடிவாரத்தையும் சேர்த்து வளைத்துக் கட்டப்பட்டது. குன்றின் மேல் ஒரு கோட்டை, கீழே ஒரு கோட்டை. கீழ்க்கோட்டையின் மதில் சுண்ணாம்புக் கலவை இல்லாமல், பெரும் பெரும் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எழுப்பியது. அதைச் சுற்றி அகழி. மதிலுக்குள் ராஜா மகால், ராணி மகால் என்ற இரண்டு மாளிகைகளும், சைவமும் வைணவமுமாக எட்டுக் கோயில்களின் சிதிலங்களும் இருக்கின்றன. ராஜா மகாலில் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் நடக்கிறது.

கோட்டையை முதலில் கட்டியவர்கள் யாதவராயர்கள் என்பது வழிவழிச் செய்தி. சோழர்களுக்கு அடங்கி, நாராயணவனத்தை மையமாகக் கொண்டு இப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்கள் அவர்கள். பதினான்காம் நூற்றாண்டில் கோட்டை விஜயநகரத்தின் கைக்கு வந்தது. அதன் பிறகு சந்திரகிரி ஆட்சிக்கு வருபவர்கள் காத்திருக்கும் இடமாகவும், ஆட்சிக்கு வந்துவிடக் கூடாதவர்களை அடைத்துவைக்கும் இடமாகவும் ஆயிற்று. சாளுவ நரசிம்மர் இங்கே மண்டலத் தலைவராக இருந்துதான் 1485இல் அரியணையைக் கைப்பற்றினார். கிருஷ்ணதேவராயர் தம் சகோதரர்களை இங்கே காவலில் வைத்திருந்தார் என்று போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். அப்படிக் காவலில் இருந்த அச்சுதராயரே 1529இல் அரசரானார்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்ததும் அதன் ஆட்சியைத் தொடர்ந்த ஆரவீட்டு வம்சத்தார் தெற்கே பெனுகொண்டாவுக்கு நகர்ந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் வேங்கடபதிராயர் இன்னும் கீழே இறங்கிச் சந்திரகிரியைத் தலைநகராக்கினார். சில ஆண்டுகளில் வேலூருக்கும் போனார். ஹம்பி, பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று வரைபடத்தில் கோடு போட்டால், ஒரு பேரரசு அரை நூற்றாண்டுக்குள் தெலுங்கு, கன்னட நாடுகளை விட்டுத் தமிழ் எல்லைக்குள் ஒதுங்கி வந்த வழி புலப்படும். பூர்வீகம் தேடி வருகிறவர்கள் கோட்டைகளில் வேரை எதிர்பார்ப்பார்கள். இங்கே இருப்பது வேரல்ல, இடம்பெயர்வின் ஒரு தங்கல்.

ராஜா மகாலின் முகப்பே அந்தத் தங்கலின் கதையைச் சொல்லும். மூன்று தளங்கள். ஒவ்வொரு தளத்திலும் வரிசையாகக் கூர்மாட வளைவுகள். தக்காணச் சுல்தான்களின் கட்டடங்களில் காணும் அதே வளைவுகள். அண்ணாந்து பார்த்தால் கூரைக்கு மேல் கோயில் விமானம் போலப் படிப்படியாகக் குறுகி ஏறும் கூம்புகள். நடுவே இரண்டு தளம் உயரமுள்ள தர்பார் மண்டபம். கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து தவிர, தாங்குவதற்கு மரம் எங்கும் பயன்படுத்தப்படவில்லை. ஹம்பியில் மரத்தால் எழுந்த அரண்மனைகளின் மேற்பகுதிகள் அழிந்து மேடைகள் மட்டும் மிஞ்சியிருக்க, இது நிற்பதற்கு அதுவே காரணம். தூண்களின் மேல் ஆங்காங்கே சுதைப் பூவேலை உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சுல்தான்களிடம் தோற்றார்களோ அவர்களுடைய வளைவையே வாசலில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இதைத் தோல்வியின் அடையாளமாகப் படிக்க வேண்டியதில்லை. தோல்விக்கு முன்பே ஹம்பியில் தாமரை மகால் அப்படித்தான் கட்டப்பட்டது. அரண்மனைக்கு ஒரு பாணி, கோயிலுக்கு ஒரு பாணி என்பது அவர்களுக்கு இயல்பான ஏற்பாடு.

தமிழ் வாசகருக்குச் சந்திரகிரி பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் தெரியும்: சென்னை. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை பெற்றார். உரிமை கொடுத்தவர் வந்தவாசிப் பகுதியை நிர்வகித்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினம். அரசராக அப்போது இருந்தவர் பெத்த வேங்கடராயர். பத்திரம் ராஜா மகாலிலேயே கையெழுத்தானது என்று சந்திரகிரியில் சொல்வது ஊர்ப்பெருமை. ஆவணத்தின்படி கொடை நாயக்கருடையது. பின்னர் 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் தம் பெயரால் அதை உறுதிசெய்தார்.

பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்துக்கு வருவதற்கு முன்பு ஆர்மகான் என்று ஆங்கிலேயர் அழைத்த துர்க்கராஜபட்டினத்தில் இருந்த கம்பெனி வணிகசாலைக்குத் தலைவராக இருந்தார். புலிக்காட்டு ஏரிக்கு வடக்கே உள்ள கடற்கரைக் கிராமம் அது. 1626 முதல் அங்கே இருந்த ஆங்கிலேயர் பீரங்கிகளுடன் காவல்கட்டும் அமைத்திருந்தனர்; துணி வரத்து திருப்தியாக இல்லாததால் தெற்கே இடம் தேடினார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது அந்தக் கடற்கரையும் அதனுள் வந்தது. ஏரியின் தென்முனையில், தமிழ்நாட்டுப் பக்கம், டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை 1613இல் எழுந்தது. அதற்கும் இடம் கொடுத்தவர்கள் ஆரவீட்டு அரசர்களே. ஆங்கிலேயர் 1806இல் அதைத் தகர்த்தார்கள். இப்படி ஆரவீட்டு அரசர்களின் ஆட்சிப் பரப்பில் அடுத்தடுத்து மூன்று கடற்கோட்டைகள் எழுந்தன. அவற்றில் இரண்டு சிதைந்தன. மூன்றாவதான சென்னைக் கோட்டையில்தான் இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன.

பிறகு நடந்தவை கைமாற்றங்கள். 1646இல் கோல்கொண்டா சந்திரகிரியைப் பிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாபின் சகோதரர் அப்துல் வகாப் கான் கோட்டையை வைத்திருந்தார். கோட்டை தன்னிடம் இருப்பதால் திருப்பதிக்கும் தானே காவலர் என்றார். 1782இல் ஹைதர் அலியிடம் போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் இறந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை கோட்டை மைசூரிடம் இருந்தது. அதற்குப் பின் எவருக்கும் அதனால் படைப் பயன் இல்லை.

ஒப்பிடுவதற்கு ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். அங்கே இடிந்த கோட்டைக்கும் வம்சத்துக்கும் உள்ள உறவு வேறு மாதிரியானது. கடலோரப் பாறைகளில் நிற்கும் சிதிலங்களில் பலவும் இன்ன குலத்தாருடையது என்று இன்றும் பெயர் சொல்லப்படுபவை. வட கடலை நோக்கிய டன்னாட்டர் கோட்டை கீத் குடும்பத்தாருடையது. 1715இல் ஸ்டூவர்ட் மன்னருக்காகக் கிளர்ச்சியில் இறங்கியதால் அவர்கள் சொத்திழந்தனர், கோட்டை பாழானது. பாரா தீவின் விரிகுடாவில், நீர் சூழ்ந்த பாறைமேல் நிற்கும் கிசிமுல் கோட்டை மக்நீல் குலத்தாருடையது. பாரா தீவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்கப்பட்டுப் பிறர் கைக்குப் போனது. அமெரிக்காவில் வாழ்ந்த குலத்தலைவர் ராபர்ட் லிஸ்டர் மக்நீல் 1937இல் அதை விலைகொடுத்து வாங்கிக் கோட்டையைப் புதுப்பித்தார். அவருடைய மகன் அதை அரசின் பாதுகாப்புத் துறைக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். குத்தகைத் தொகை ஆண்டுக்கு ஒரு பவுண்டும் ஒரு பாட்டில் விஸ்கியும். கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் மக்நீல்கள் அந்தக் கோட்டையைத் தங்களுடையது என்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் பலர் அதே தலைவர்களால் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குத்தகை உழவர்கள் என்பது அந்தப் பரவசத்தில் அடிக்கடி மறந்துபோகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் கோட்டையும் ஒன்றாகிவிடுகிறது. போதாக்குறைக்கு ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் அனைத்துக்கும் கட்டாயப் பதிவேடு உண்டு.

சந்திரகிரியில் இப்படி உரிமை கொண்டாட யாருமில்லை. ஆரவீட்டாரின் வழிவந்தவர்கள் ஆனேகுந்தியில் இருக்கிறார்கள், துங்கபத்திரைக் கரையில். சந்திரகிரிக்கு அவர்கள் வெளியூர்க்காரர்கள். சென்னையைக் கொடுத்த தாமர்ல குடும்பத்தின் பெயர் காளஹஸ்தி ஜமீனில் தொடர்ந்தது. கோட்டைக்குள் வாழ்ந்த படைவீரரும் பணியாளரும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவர்கள். சித்தூர்ச் சீமையின் பாளையக்காரர்களோ 1804–05இல் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்து அடக்கப்பட்டார்கள்.

இப்பகுதியின் வம்சக் கதைகளை எழுத்தில் ஏற்றியவர்களில் முதன்மையானவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் என்பது தற்செயல்தான், ஆனாலும் சுவையான தற்செயல். லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறைமுகத்தில் பிறந்த காலின் மெக்கன்சி 1783இல் சென்னைக்கு வந்தார். நில அளவை அவருடைய வேலை, ஓலையும் கல்வெட்டும் சேர்ப்பது அவருடைய பித்து. காவலி வேங்கட போரையா, இலட்சுமையா, ராமசாமி என்ற ஏலூர்ச் சகோதரர்கள் அவருக்கு வாய்த்திருக்காவிட்டால் அந்தப் பித்துப் பெரிதாகப் பலித்திருக்காது. ஊர்க் கணக்கர்களிடமும் பாளையக்காரர்களிடமும் கோயில் அர்ச்சகர்களிடமும் சொல்லச் சொல்லி எழுதி வாங்கியவை கைபீதுகள் எனப்பட்டன. 1821இல் மெக்கன்சி இறந்தபோது சேகரிப்பில் 8,076 கல்வெட்டுப் படிகள் இருந்ததாகக் கணக்கு. அதில் ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. கைபீதுகளை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. கம்பெனி அதிகாரி கேட்கும்போது எந்தப் பாளையக்காரரும் தன் வம்சத்தைச் சிறியதாகச் சொல்லியிருக்க மாட்டார். நிலமும் மானியமும் அந்தப் பதிலைப் பொறுத்திருந்தன. ஆனால் அரசு தன்னிடம் கேட்டபோது ஒரு குடும்பம் தன் பூர்வீகத்தை எப்படிச் சொல்ல விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கோட்டையில் இல்லாத வம்சம் மலைமேல் இருக்கிறது. சந்திரகிரியிலிருந்து சீனிவாசமங்காபுரம் வழியாகத் திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிவழியில்தான் அரசர்கள் போனதாகச் சொல்வார்கள். கோயில் முகமண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவியருடன் கைகூப்பி நிற்கிறார், செம்பில். அச்சுதராயரும் வேங்கடபதிராயரும் அங்கே சிலையாக இருக்கிறார்கள். தலைநகரம் எங்கே போனாலும் வேங்கடபதி என்ற பெயர் வம்சத்தைவிட்டுப் போகவில்லை.

அரசர்களைவிடச் சுவையானவர்கள் கல்வெட்டில் உள்ள மற்றவர்கள். திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தேவஸ்தானம் அவற்றைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரைக் கொண்டு படித்து 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. பெரும்பாலானவை தமிழில் உள்ளன. விஜயநகரத் தெலுங்கு அதிகாரிகளின் கொடைகூடப் பல இடங்களில் தமிழிலேயே பதிவாகியிருக்கிறது. மிகப் பழைய கொடையாளர்களில் ஒருவர் சாமவை என்ற பல்லவர் குலப் பெண். வெள்ளியில் ஒரு திருமேனி செய்தளித்து அதற்கு வழிபாடும் விழாவும் ஏற்படுத்தினார். இன்று போக சீனிவாசராக நாள்தோறும் பள்ளியறையில் துயில்கொள்ளும் திருமேனி அதுவே. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் கொடையாளர் பட்டியல் பெருகுகிறது. அரசியர், தளபதிகள், ஆசாரியர்கள், வணிகர்கள், கோயில் நடனப் பெண்கள் என்று.

கொடையின் வழிமுறை உற்றுப் பார்க்கத் தக்கது. ஒருவர் கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுவார். அந்தப் பணத்தைக் கோயில் பெட்டியில் பூட்டிவைக்காது. கோயிலுக்கு விடப்பட்ட திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் செலவிடும். பாசனம் பெருகிக் கூடுதலாக விளையும் நெல்லிலிருந்து கொடையாளர் பெயரில் நாள்தோறும் இத்தனை திருப்போனகம், இன்ன விழாவுக்கு இத்தனை அதிரசப்படி என்று படைப்பார்கள். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளருக்கு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். அந்தப் பங்கைத் தானே வாங்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம், மடத்துக்கோ அடியார்களுக்கோ எழுதிவைக்கலாம், விற்கவும் செய்யலாம். சந்ததி தொடரும்வரை, சந்திராதித்தவரை என்று கல்லில் வெட்டினார்கள். ஆக, பதினாறாம் நூற்றாண்டுச் சந்திரகிரி அதிகாரி ஒருவர் தம் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லக்கூடிய உறுதியான சொத்து, கோட்டையில் அரசர் கொடுத்த பதவி அல்ல. அது அரசர் மாறினால் போய்விடும். மலைமேல் ஒரு தளிகைச் சோற்றில் கால் பங்கு அதைவிட நிலைத்தது.

ஊழியத்தால் வந்த பரம்பரை இன்னும் நீண்டது. கீர்த்தனைகள் பாடிய தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் பதினைந்தாம் நூற்றாண்டினர், சாளுவ நரசிம்மரின் காலத்தவர். நரசிம்மரின் வம்சம் இரண்டு தலைமுறையில் முடிந்தது. அன்னமாச்சாரியாரின் வழிவந்தவர்கள் விடியற்காலைச் சுப்ரபாத வேளையில் இன்றும் சன்னிதியில் பாடுகிறார்கள். சன்னிதிக் கொல்லா எனப்படும் இடையர் குலத்தவர் தீவட்டியோடு முன்னால் போகக் கதவு திறக்கும். பைடிப்பள்ளி, கொல்லப்பள்ளி, பெத்திண்டி, திருப்பதம்மா என்ற நான்கு குடும்பங்கள் அர்ச்சக மிராசு வைத்திருந்தன. 1987இல் ஆந்திரப் பிரதேச அறநிலையச் சட்டம் மிராசு உரிமைகளை ஒழித்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. பிறப்பால் வரும் உரிமை ஒழிய வேண்டியதே என்பதில் வாதம் வலுவானது. ஆனால் அரண்மனை விட்டுவைக்காத வம்சத் தொடர்ச்சியைக் கோயில் ஐந்து நூற்றாண்டு காத்தது அந்த உரிமையால்தான் என்பதும் உண்மை.

கோட்டைத் தலைவர்களைச் சாதாரண ஜனம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதைத் திருப்பதி கங்கம்மா ஜாத்திரை காட்டும். வைகாசியை ஒட்டி, மே மாதத்தில், தாத்தையகுண்டா கங்கம்மன் கோயிலில் ஒரு வாரம் நடக்கும் விழா இது. அழகான பெண்களையெல்லாம் தூக்கிச்சென்ற பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவின் மீதும் கைவைக்கத் துணிந்தான். அவள் பேருரு எடுக்கவும் ஓடி ஒளிந்தான். அவள் நாளுக்கொரு வேடத்தில் அவனைத் தேடினாள். பைராகி வேடம், தோட்டி வேடம் என்று மாறி மாறி, கடைசியில் துரை வேடத்தில் வர, தன் துரைதானே என்று அவன் வெளியே வந்தான், தலை போனது. அந்த வேடங்களை நெசவு மரபுள்ள கைகால குடும்பத்து ஆண்கள் வழிவழியாகப் போடுகிறார்கள். ஊர் ஆண்களும் சேலை கட்டி, பூ வைத்து வருவார்கள். பாளையக்காரனுடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் அவனுடைய தலையை வெட்டுகிற குடும்பத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து பூர்வீகம் என்று இந்தப் பக்கம் வருகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். விஜயநகரப் படையோடும் நாயக்கர் ஆட்சியோடும் தெற்கே கோவில்பட்டி, சாத்தூர், தேனி வரை போய்க் குடியேறியவர்களின் சந்ததியினர். இவர்களிடம் இண்டிப்பேர் என்னும் குடும்பப் பெயர் இருக்கிறது. பெரும்பாலும் அது ஓர் ஊரின் பெயர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார், திருப்பதியில் படித்தார். நெல்லூர் மாவட்டத்துச் சர்வபள்ளியைக் குடும்பம் எப்போதோ விட்டு வந்திருந்தது. ஊரை விட்டாலும் பெயரை விடவில்லை. தமிழ்க் குடும்பங்களிடம் இந்த வசதி கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துக்கு மேலே ஏற முடிவதில்லை.

இரண்டாம் வகையினர் குலதெய்வத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சென்னை, திருவள்ளூர், வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் திருப்பதிப் பெருமாளே குலதெய்வம். முதல் மொட்டை அங்கே, கல்யாணப் பத்திரிகை அங்கே, புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகை வீட்டில், மஞ்சள் துணியில் முடிந்த காசு பூஜை அறையில். ஆனால் குலதெய்வம் தெரியாதவர்களுக்குத் திருப்பதியே குலதெய்வம் என்றும் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அதனால் திருப்பதியைக் குலதெய்வமாகச் சொல்கிற குடும்பம் இந்த மண்ணிலிருந்து போனதாகவும் இருக்கலாம்; எந்த மண்ணிலிருந்து வந்தோம் என்பதைத் தொலைத்ததாகவும் இருக்கலாம். பெருமாள் காட்டிக்கொடுப்பதில்லை. சின்னச் சின்ன அம்மன் கோயில்களும் எல்லைச் சாமிகளும் இந்த விஷயத்தில் அதிக நம்பகமானவை. அவற்றைத் தன் ஊர்க்காரரைத் தவிர வேறெவரும் கும்பிடப்போவதில்லை.

இதற்கு மேல் காகிதம்தான். அதை எங்கே தேடுவது என்பதற்கு எல்லைகள் மாறிய கதை தெரிய வேண்டும். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் நல்லுலகின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. ஆட்சி எல்லைகள் அதற்கு ஒத்துப்போனதில்லை. 1911 ஏப்ரலில் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் வட்டங்களைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் அது ஆந்திர மாநிலத்துக்குப் போயிற்று. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் ஆகியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும் எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரையும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டத்தையும் புத்தூர், சித்தூர் வட்டங்களின் சில ஊர்களையும் சென்னை மாநிலத்துக்குக் கொண்டுவந்தன. பதிலுக்குச் சத்தியவேடு உள்ளிட்ட ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. 2022இல் சித்தூர் மாவட்டம் மறுபடி பிரிந்து, சந்திரகிரி திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆகவே திருத்தணிப் பக்கத்துத் தாத்தாவின் நிலத்தைத் தேடுகிறவர் 1911க்கு முந்தைய காகிதத்தை வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரிலும், 1960 வரையிலானதைச் சித்தூரின் பெயரிலும், பிந்தையதைச் செங்கல்பட்டு, திருவள்ளூர் பெயர்களிலும் தேட வேண்டியிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட ஊர் என்றால் பட்டாவும் அடங்கலும் தெலுங்கில் இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாணத்து வருவாய்த்துறைப் பதிவுகள் இருக்கின்றன. அங்கே தொடங்குவது நல்லது. ஊர்ப் பெயரோடு பழைய வட்டத்தின் பெயரையும் தெரிந்துகொண்டு போனால் தேடல் பாதியாகக் குறையும்.